கை கால் வராத காலை: தசையின் அயனிக் கால்வாய்களை ஆள்பவை

"ராத்திரி நல்லாத்தான் படுத்தேன் சார். காலையில எந்திரிக்கப் பார்த்தா கை கால் வரல."

பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்களுக்கு இது புதிய வாசகம் இல்லை. சிறுசேரி சிப்காட்டில் இரவுப் பணி முடித்து, பிரியாணி சாப்பிட்டுப் படுத்த இளைஞர் இதைச் சொல்லலாம். அந்த சிப்காட்டைச் சுற்றி எழும் அடுக்குமாடிகளுக்காகத் தகரக் கொட்டகையில் தங்கி, தரையில் பாய் விரித்துப் படுத்த கட்டடத் தொழிலாளியும் இதையே சொல்லலாம். முன்னவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் சரிந்திருக்கக்கூடும். பின்னவரைத் தூக்கத்தில் கட்டுவிரியன் தீண்டியிருக்கக்கூடும். தீண்டியதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. இருவருக்கும் நினைவு தெளிவாக இருக்கிறது. தசை கிழியவில்லை. சுருங்கி விரியும் புரதங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் கையைத் தூக்க முடியவில்லை.

இருவரிடமும் குலைந்திருப்பது ஒரே வேலை: தசைச் செல்லின் சவ்வில் உள்ள அயனிக் கால்வாய்கள் வேளை அறிந்து திறப்பதும் மூடுவதும். குலைந்த இடம்தான் வேறு. அதனால் சிகிச்சையும் வேறு. ஒருவரைச் சில மணி நேரத்தில் எழுப்பி உட்காரவைக்கும் பொட்டாசியம் மற்றவருக்கு உதவாது. மற்றவரைக் காக்கும் வென்டிலேட்டர் முதலாமவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

தசைக் கால்வாய்களைக் கட்டுப்படுத்துவது எது என்ற கேள்விக்கு எழுபது ஆண்டு ஆய்வு பல விடைகளைத் தந்திருக்கிறது. நரம்பு, மின்னழுத்தம், ஹார்மோன், அமிலம், உப்பு, மரபணு என்று பட்டியல் நீள்கிறது. பட்டியலாகப் படித்தால் மனதில் நிற்காது. காலத்தை அளவுகோலாக வைத்து அடுக்கினால் ஒழுங்கு தெரிகிறது. சில கட்டளைகள் மில்லி நொடியில் வந்து போகின்றன. சில, நிமிடங்களுக்கு நீடிக்கின்றன. சில, இரத்தத்தின் உப்பளவோடு மணிக்கணக்கில் ஏறி இறங்குகின்றன. சில, நாட்களும் வாரங்களும் எடுத்துக்கொண்டு கால்வாய்களின் எண்ணிக்கையையே மாற்றுகின்றன. எந்த நோயும் மருந்தும் இவற்றில் எந்த அடுக்கில் கை வைக்கிறது என்று கேட்பதே இந்தத் துறையைப் புரிந்துகொள்ளச் சரியான வழி என்பது இக்கட்டுரையின் வாதம்.

கால்வாயும் பம்பும்

செல்லின் சவ்வு மெல்லிய கொழுப்புப் படலம். மின்னூட்டம் உள்ள சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு அயனிகளால் அதை ஊடுருவ முடியாது. புரதத்தாலான துளைகள் வழியாகத்தான் போக வேண்டும். ஏரி மதகு தண்ணீரை இறைப்பதில்லை. மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு விடுகிறது, அவ்வளவுதான். கால்வாயின் வேலையும் அதுவே. மட்ட வேறுபாட்டை உண்டாக்கி வைப்பது சோடியம்-பொட்டாசியப் பம்பு. ஒவ்வொரு சுற்றிலும் அது 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. வேகத்தில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. பம்பு நொடிக்குச் சில நூறு அயனிகளை நகர்த்தும். திறந்த கால்வாய் ஒன்றில் நொடிக்குக் கோடிக்கணக்கில் பாயலாம். அவ்வளவு வேகமாகப் பாயும் ஒன்றைத் திறந்தபடி விட்டுவைக்க எந்தச் செல்லாலும் முடியாது. கட்டுப்பாடு இல்லாத கால்வாய் உயிருக்கு ஆபத்து.

ஓய்வில் இருக்கும் எலும்புத்தசைச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 80 முதல் 90 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் நிற்கிறது. இதைப் பெரிதும் தீர்மானிப்பது பொட்டாசியம். அசையாமல் பிடித்துவைப்பதில் குளோரைடுக்குப் பெரும்பங்கு. ஓய்வுத் தசையின் சவ்வில் நடக்கும் மின்கடத்தலில் ஏறக்குறைய முக்கால் பங்கு குளோரைடு வழியாகத்தான்.

இந்தப் படம் உருவான வரலாற்றில் மூன்று படிகள் முக்கியமானவை. 1952-ல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பெருநரம்பில் மின்துடிப்பை அளந்து, அதைச் சமன்பாடுகளாக்கினார்கள். கால்வாயை அப்போது யாரும் பார்த்ததில்லை. கணக்குதான் அதை முன்கூட்டிச் சொன்னது. 1976-ல் நேயரும் ஸாக்மனும் தவளைத் தசைநாரின் மீது நுண்ணிய கண்ணாடிக் குழாய் முனையை வைத்து, ஒற்றைக் கால்வாய் திறந்து மூடும் மின்னோட்டத்தை முதன்முறையாகப் பதிவு செய்தார்கள். 1998-ல் மெக்கினன் குழு பாக்டீரியாவின் பொட்டாசியக் கால்வாயை அணு அளவில் படம் பிடித்தது. இன்று உறைநிலை மின்னணு நுண்நோக்கியில் தசைக் கால்வாய்களின் வடிவங்கள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. அப்படி வெளியாகும் எந்தப் புரத வடிவமும் ஒரு தேர்வுக்கு உட்படுகிறது: புரத முதுகெலும்பின் கோணங்கள் ராமச்சந்திரன் வரைபடம் அனுமதிக்கும் எல்லைக்குள் இருக்கின்றனவா என்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்ட வரைபடம் அது.

மில்லி நொடிக் கட்டளைகள்

விரலை மடக்க நினைத்ததும் நடப்பது ஒரு தொடர். நரம்பு முனை அசிடைல்கோலைனை வெளியிடுகிறது. தசையின் மீதுள்ள ஏற்பியில் இரண்டு அசிடைல்கோலைன் மூலக்கூறுகள் அமர்ந்ததும் அதன் நடுத்துளை சில மில்லி நொடிகள் திறந்து மூடுகிறது. இந்த ஏற்பியே ஒரு கால்வாய்தான். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் ஒரு சதுர மைக்ரானுக்கு ஏறக்குறைய 10,000 என்ற நெருக்கத்தில் இவை அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளியான அசிடைல்கோலைனை ஒரு நொதி உடனே சிதைத்துவிடுவதால் கட்டளை நீளாது.

ஏற்பி வழியாகப் புகுந்த சோடியம் சவ்வின் மின்னழுத்தத்தை ஏற்றுகிறது. அந்த ஏற்றத்தை உணர்ந்து, அருகிலுள்ள சோடியக் கால்வாய்கள் திறக்கின்றன. அவற்றின் ஒரு பகுதியில் நேர்மின்னூட்டம் உள்ள ஆர்ஜினின்கள் வரிசையாக நிற்கின்றன; மின்னழுத்தம் மாறியதும் அந்தப் பகுதி நகர்ந்து கதவைத் திறக்கிறது. திறந்த ஒரு மில்லி நொடியளவில் உட்புறத்தில் தொங்கும் ஒரு புரதத் துண்டு துளையை அடைத்துவிடும். மூடிய நிலை வேறு, அடைபட்ட நிலை வேறு என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். மூடிய கால்வாய் அடுத்த கட்டளைக்குத் திறக்கும். அடைபட்டது, சவ்வு மறுபடி ஓய்வு மின்னழுத்தத்துக்குத் திரும்பும்வரை என்ன செய்தாலும் திறக்காது. பிரியாணி சாப்பிட்ட இளைஞரின் நோய் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது.

மின்துடிப்பு தசைநாரின் உள்ளே இறங்கும் நுண்குழாய்கள் வழியே ஆழத்துக்குப் போகிறது. அங்கே கால்சியக் கால்வாய் ஒன்று அதை உணர்கிறது. எலும்புத்தசையில் இது கால்சியத்தை உள்ளே விடுவதைவிட, எதிரே கால்சியக் கிடங்கின் சுவரில் இருக்கும் ரயனோடின் ஏற்பி என்னும் பேருருவக் கால்வாயைத் தொட்டு அசைத்துத் திறக்கவைப்பதையே முதல் வேலையாகச் செய்கிறது. கிடங்கிலிருந்து கால்சியம் கொட்ட, தசை சுருங்குகிறது.

இதயத்தில் இந்தத் தொடுகை இல்லை. வெளியிலிருந்து சிறிதளவு கால்சியம் உள்ளே வந்தால்தான் கிடங்கு திறக்கும். இதயத்துக்கு வெளிக் கால்சியம் தேவை என்பதை 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் தற்செயலாகக் கண்டார். குழாய்த் தண்ணீரில் கரைத்த உப்பில் தவளை இதயம் துடித்தது; வடிநீரில் கரைத்தபோது நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் கால்சியம் இருந்ததே காரணம். நம்மூர் வார்டுகளில் ஸ்டாண்டில் தொங்கும் 'ஆர்.எல்.' (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலில் இருப்பது அவர் பெயர்தான்.

வடநெம்மேலிப் பானைகள்

சிறுசேரியிலிருந்து கேளம்பாக்கம் வந்து, கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் வடநெம்மேலி. அங்கே சென்னை முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. பாம்புத் தோல் வணிகம் சட்டப்படி நின்றுபோய் இருளர்கள் பிழைப்பு இழந்திருந்த வேளையில், ரோமுலஸ் விட்டேகரின் முன்முயற்சியில் 1978-ல் தொடங்கிய சங்கம் அது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் மண்பானைகளில் வைத்து, வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். சில வாரங்கள் வைத்திருந்து, வாரம் ஒருமுறை வீதம் நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவது முறை. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி நெடுங்காலமாக இங்கிருந்தே போகிறது. இருளர் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

தசைக் கால்வாய் ஆய்வில் இந்தப் பானைகளுக்கு நேரடி இடம் உண்டு. நல்லபாம்பின் நஞ்சில் உள்ள சிறு புரதங்கள் அசிடைல்கோலைன் ஏற்பியில் போய் அமர்ந்துகொள்கின்றன. கால்வாய் சிதையவில்லை, கட்டளை வந்து சேர இடமில்லை. கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் இரத்தத்தையும் திசுக்களையும் தாக்கும்போது, நல்லபாம்பும் கட்டுவிரியனும் தசைக்கும் நரம்புக்கும் இடையிலான இந்தச் சந்திப்பை முதன்மையாகக் குறிவைக்கின்றன. முதலில் இமை சரியும். அடுத்து விழுங்க முடியாது, கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சுத் தசைகள் ஓயும்.

கட்டுவிரியனின் கதை இன்னும் சிக்கல். அதன் முதன்மை நஞ்சு தசையின் பக்கத்தைவிட்டு நரம்பு முனைக்குள் புகுந்து அதையே அழிக்கிறது. அசிடைல்கோலைன் வெளியாவதற்கே வழி இல்லை. இந்த வேறுபாடு படுக்கையருகே உடனே தெரிந்துவிடும். அசிடைல்கோலைனைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் நியோஸ்டிக்மினை அட்ரோபினோடு சேர்த்துக் கொடுத்தால், நல்லபாம்பு தீண்டியவருக்குச் சரிந்த இமை மெல்ல உயர்வதைக் காணலாம். சேர்ந்து நிற்கும் அசிடைல்கோலைன் நஞ்சோடு போட்டியிட்டு ஏற்பிகளில் இடம் பிடிக்கிறது. கட்டுவிரியன் தீண்டியவருக்கு அநேகமாக எந்தப் பலனும் இருக்காது. சேர்த்துவைக்க அங்கே அசிடைல்கோலைனே இல்லை. நரம்பு முனை மறுபடி வளரும்வரை நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், வென்டிலேட்டரை நம்பி இருக்க வேண்டியதுதான். ஆனால் அப்படிக் காத்திருந்தவர்கள் முழுதாக எழுந்து நடந்துபோகிறார்கள். தசையும் அதன் கால்வாய்களும் அழிபடாமல் இருந்ததே அதற்குக் காரணம்.

உயிரைப் பறிக்கும் இதே நஞ்சுதான் ஆய்வாளர் கையில் கருவியானது. 1963-ல் தைவானில் சாங், லீ இருவரும் அங்குள்ள பலபட்டைக் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து ஆல்ஃபா-பங்காரோடாக்சினைப் பிரித்தெடுத்தார்கள். தசையின் ஏற்பியில் ஒட்டினால் இது எளிதில் விடாது. அதைப் பற்றுக்கோலாகக் கொண்டு, 1970களின் தொடக்கத்தில் மின்மீன்களின் உறுப்பிலிருந்து அசிடைல்கோலைன் ஏற்பியைத் தனியே பிரிக்க முடிந்தது. தசைகள் எளிதில் களைத்துத் தளரும் மையஸ்தீனியா கிரேவிஸ் நோயில் ஏற்பிகள் குறைந்துபோயிருப்பதை ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி மூவரும் 1973-ல் காட்டியதும் இந்த நஞ்சைக் கொண்டுதான்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இப்போதைய விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து வருவது. ஒரு வட்டாரத்தின் நஞ்சைக் கொண்டு தயாரித்தது வேறு வட்டாரப் பாம்புக்கு அதே வலுவோடு வேலை செய்வதில்லை. இந்த இடத்தில்தான் கால்வாய் அறிவு மருந்தாகத் திரும்பி வருகிறது. நீள்வகை ஆல்ஃபா நரம்பு நஞ்சுகள் எல்லாம் ஒரே ஏற்பியில் ஒரே மாதிரி அமர்வதால், அந்த ஏற்பியின் பிடியை ஒத்த ஒரு செயற்கை எதிர்ப்புரதம் பல பாம்புகளின் நஞ்சைத் தடுக்கும் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகர் குழுவும் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் நிறுவனமும் 2024-ல் எலிகளில் காட்டின.

நிமிடங்களில் நடக்கும் திருத்தம்

கட்டளைக்குத் திறப்பது மட்டும் போதுமென்றால் உழைக்கும் தசை சில நிமிடங்களில் முடங்கிவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் பொட்டாசியம் வெளியேறுகிறது. கடும் உழைப்பில் தசைநார்களுக்கு இடையேயான நீர்மத்தில் அதன் அளவு இயல்பான 4 மில்லிமோலிலிருந்து இரண்டு மடங்குக்கும் மேல் உயரும். அந்த அளவில் ஓய்வு மின்னழுத்தம் ஏறி, சோடியக் கால்வாய்கள் அடைபடத் தொடங்கிவிட வேண்டும். ஆனால் மூட்டை தூக்குபவர் தொடர்ந்து தூக்குகிறார். எப்படி?

டென்மார்க்கின் ஆர்ஹஸ் ஆய்வாளர்கள் கண்ட விடை குளோரைடு கால்வாயில் இருக்கிறது. இந்தக் கால்வாய் சவ்வை ஓய்வு நிலையில் பிடித்துவைப்பது. துடிப்புக்கு எதிர்ப்பக்கம் இழுப்பது. தசை வேலையைத் தொடங்கியதும் உள்ளே ஒரு நொதி இதன் பெரும்பகுதியை மூடிவிடுகிறது. உழைப்பில் சேரும் அமிலமும் அதே திசையில் உதவுகிறது. இழுப்பு குறைய, வலுவிழந்த சோடியக் கால்வாய்களாலும் துடிப்பை எழுப்ப முடிகிறது. உழைப்பில் சேரும் அமிலமே தசையை முடக்குகிறது என்ற நெடுநாள் பாடத்தை 2004-ல் இந்தக் கண்டுபிடிப்பு பாதி திருப்பிப்போட்டது. உழைப்பு மிகுந்து ஆற்றல் தீரும் கட்டத்திலோ நேர்மாறாக நடக்கிறது: குளோரைடு கால்வாய்களும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் குறைவை உணரும் பொட்டாசியக் கால்வாய்களும் ஒருசேரத் திறந்து தசையைத் துடிக்கவிடாமல் செய்கின்றன. களைப்பு என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு, செல் தன்னைக் காத்துக்கொள்ளப் போடும் தடை. மருந்தாய்வு இப்போது இந்தக் கால்வாயை நோக்கி வந்திருக்கிறது. குளோரைடு கால்வாயை ஓரளவு மூடும் மாத்திரை ஒன்று மையஸ்தீனியா நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகிறது.

இதயத்தில் நிமிடக் கணக்குத் திருத்தத்தின் முதல்வர் அட்ரினலின். பயந்தால் இதயம் ஓங்கி அடிப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் கால்சியக் கால்வாய்கள் கூடுதலாகத் திறப்பது. அட்ரினலின் தூண்டும் நொதி கால்வாயின் மீதே பாஸ்பேட்டை ஒட்டுகிறது என்றே பல்லாண்டு பாடம் சொல்லப்பட்டது. கால்வாயில் அதற்குரிய இடங்களையெல்லாம் ஆய்வாளர்கள் மாற்றிப் பார்த்தார்கள். விளைவு அப்படியே இருந்தது. 2020-ல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு புதிரை அவிழ்த்தது. கால்வாயோடு ஒட்டி நின்று அதை அடக்கிவைக்கும் 'ராட்' என்ற சிறு புரதத்தின் மீதுதான் பாஸ்பேட் ஒட்டுகிறது. ஒட்டியதும் அது விலகிப்போகிறது. கால்வாய் தடையின்றித் திறக்கிறது.

இரத்தக் குழாய்களின் மென்தசையில் இதே குடும்பக் கால்சியக் கால்வாய்கள் எப்போதும் கொஞ்சம் திறந்திருந்து குழாயைச் சுருக்கிவைக்கின்றன. இரத்த அழுத்தத்துக்கு வீட்டுக்கு வீடு சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரை அவற்றைத்தான் அடைக்கிறது. எலும்புத்தசையிலும் இந்தக் குடும்பக் கால்வாய் உண்டு. ஆனால் அங்கே தசையைச் சுருக்கத் தேவைப்படுவது கால்வாயின் அசைவுதான், அதன் வழியே பாயும் கால்சியம் இல்லை. கை கால் வலுவிழக்காமல் அழுத்தம் மட்டும் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொட்டாசியம் என்னும் ஆளுநர்

இனி அந்த இளைஞர். இரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். உடலின் மொத்தப் பொட்டாசியத்தில் மிகப் பெரும்பகுதி செல்களுக்குள், குறிப்பாகத் தசைக்குள் இருக்கிறது. சோறும் இனிப்பும் வயிறு நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் சுரக்கும். இன்சுலின் பம்பை முடுக்கும். பம்பு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். நம் எல்லோருக்கும் இது நடக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. பொட்டாசியம் தாழ்ந்து காலமுறைத் தசைமுடக்கம் வரும் உடல்வாகு உள்ளவருக்கு இதுவே விடியற்காலையில் கை காலை முடக்குகிறது. கடுமையாக உழைத்துவிட்டு ஓய்ந்து படுப்பதும் இதைத் தூண்டும்.

இதில் நெடுநாள் ஒரு புதிர் இருந்தது. வெளியே பொட்டாசியம் குறைந்தால் செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின்னழுத்தத்துக்குத்தான் போக வேண்டும். நோயாளியின் தசையில் தலைகீழாக, மின்னழுத்தம் மைனஸ் 60 மில்லிவோல்ட் அளவுக்கு ஏறி நின்றது. அந்த நிலையில் சோடியக் கால்வாய்கள் அடைபட்டே கிடக்கும். நரம்பு எவ்வளவு கட்டளையிட்டாலும் திறக்காது. புதிரின் விடை 2007-ல் வந்தது. இந்நோயின் மரபு வடிவத்தில் பழுதுபடுவது, மின்னழுத்தத்தை உணரும் ஆர்ஜினின் வரிசையில் ஒன்று. அது போன இடத்தில் ஒரு நுண்ணிய பக்கவழி உண்டாகி, ஓய்விலும் நேர்மின்னூட்டம் கசிகிறது. சாதாரண வேளையில் பொட்டாசியக் கால்வாய்கள் இந்தக் கசிவை ஈடுகட்டிவிடும். இந்தப் பொட்டாசியக் கால்வாய்களோ வெளியே பொட்டாசியம் இருந்தால்தான் நன்றாக வேலை செய்பவை. வெளியளவு சரிந்ததும் இவை தளர, கசிவு ஜெயிக்கிறது.

ஆசிய ஆண்களிடம் இந்த நோய் தைராய்டு மிகைச் சுரப்போடு சேர்ந்து வருவது அதிகம். தைராய்டு ஹார்மோன் பம்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. தைராய்டைச் சரிசெய்தால் தாக்குதல்களும் நின்றுவிடும். சிறுநீரகக் குழாய்க் கோளாறால் பொட்டாசியம் வெளியேறிவிடும் நோயாளிகளும் உண்டு. டெங்குவைத் தொடர்ந்து பொட்டாசியம் சரிந்து கை கால் தளர்ந்தவர்களைப் பற்றியும் இந்திய மருத்துவ இதழ்களில் அறிக்கைகள் வந்திருக்கின்றன.

நம்மூர் வழக்கம் ஒன்று இங்கே கேடாக முடியக்கூடும். உடம்புக்கு முடியவில்லை என்றால் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்பது வேண்டுகோள். பொட்டாசியம் தாழ்ந்து முடங்கிக் கிடப்பவருக்குக் குளுக்கோஸ் ஏற்றினால் இன்சுலின் மேலும் சுரந்து, மிச்சமிருக்கும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துவிடும்; முடக்கம் கூடும், இதயத் துடிப்பும் தடுமாறலாம். வேண்டியது பொட்டாசியம் குளோரைடு, அதுவும் நிதானமாக. உள்ளே போன பொட்டாசியம் தாக்குதல் தணிந்ததும் வெளியே திரும்பி வரும் என்பதால், அவசரப்பட்டு அதிகம் கொடுத்தால் எதிர்ப்பக்க ஆபத்து.

நாட்களில் மாறும் எண்ணிக்கை

மேலே சொன்னவை எல்லாம் இருக்கும் கால்வாய்களை ஏவும் வழிகள். எத்தனை கால்வாய்கள், எந்த வகை, எந்த இடத்தில் என்பதைத் தீர்மானிப்பது நரம்பு. கருவில் வளரும் தசையின் மேல் ஏற்பிகள் பரவலாகக் கிடக்கின்றன. நரம்பு வந்து தொட்டதும் அது சுரக்கும் அக்ரின் என்ற புரதம் அவற்றை ஒரே இடத்தில் திரட்டுகிறது. மற்ற இடங்களில் உற்பத்தி நிற்கிறது. கருவகை ஏற்பியின் ஒரு கூறு மாறி முதிர்வகை வருகிறது. நரம்பு அறுபட்டாலோ, பெருந்தீக்காயம் பட்டாலோ, நீண்ட நாள் படுக்கையில் கிடந்தாலோ தசை பழைய நிலைக்குத் திரும்பி மேனியெங்கும் ஏற்பிகளை விதைக்கிறது. நேயரும் ஸாக்மனும் 1976-ல் நரம்பு நீக்கிய தவளைத் தசையைத் தேர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

மயக்கமருந்து நிபுணர்களுக்கு இது ஆய்வகச் செய்தி இல்லை. 'ஸ்கோலின்' என்று அறுவை அரங்கில் வழங்கும் சக்சினைல்கோலைன் ஏற்பிகளைத் திறந்து பிடித்துத் தசையைத் தளர்த்துவது. தீக்காயம் பட்டுச் சில நாட்கள் ஆனவருக்கோ, முதுகுத்தண்டு அடிபட்டுப் படுக்கையில் இருப்பவருக்கோ கொடுத்தால் மேனியெங்கும் உள்ள ஏற்பிகள் ஒரே நேரத்தில் திறந்து, பொட்டாசியம் இரத்தத்தில் கொட்டி இதயம் நின்றுவிடக்கூடும். காயம் பட்ட முதல் நாளில் பாதுகாப்பான மருந்து, பத்தாம் நாளில் கொலைகாரன். மருந்து மாறவில்லை, தசையில் ஏற்பிகளின் கணக்கு மாறிவிட்டது.

மெதுவான மாற்றத்துக்குக் கருப்பையைவிட நல்ல சான்று கிடைக்காது. ஒன்பது மாதம் அடங்கியிருக்கும் அந்த மென்தசை, பிரசவ நேரத்தில் ஒரே உறுப்பாகச் சேர்ந்து சுருங்க வேண்டும். இதயத்தில் இருப்பதுபோல் தாளம் போடும் தனி மையம் அங்கே கண்டறியப்படவில்லை. பிரசவம் நெருங்க, செல்லுக்குச் செல் அயனிகளைக் கடத்தும் இணைப்புக் கால்வாய்கள் பெருகுகின்றன என்பது தெரிந்த செய்தி. அதே பழைய மாமல்லபுரம் சாலையின் வடகோடியில், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் சிதாப்ர சின்ஹாவும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் 2012-ல் இதைக் கணித மாதிரியாக்கினார்கள். தானாகத் துடிக்கத் தெரியாத செல்களையும் மின்துடிப்பே எழுப்பாத செல்களையும் கலந்து, இடையிலான இணைப்பை மட்டும் படிப்படியாகக் கூட்டினார்கள். ஒரு கட்டத்தில் ஆங்காங்கே தாளங்கள் தோன்றின; இணைப்பு இன்னும் கூடியதும் அவை ஒன்றிணைந்து ஒரே தாளமாயின. தாளத்துக்குத் தனித் தலைவர் தேவையில்லை, இணைப்புக் கால்வாய்களின் எண்ணிக்கையே போதும் என்பது அந்த மாதிரி சொல்லும் சேதி. குறைமாதத்தில் வலி கண்டவருக்குக் கொடுக்கும் நிஃபெடிபின் இந்த இணைப்புகளைத் தொடுவதில்லை. கால்சியக் கால்வாயை அடைத்து, வேகமான அடுக்கில் வேலை செய்கிறது. சில நாள் அவகாசம் வாங்கித்தருவதே அதன் பயன். பிரசவத்தை நீண்ட காலம் தள்ளிப்போட அதனால் முடிவதில்லை.

தீராத வழக்குகள்

துறையில் எல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். இதயச் செயலிழப்பில் ரயனோடின் ஏற்பியின் மீது பாஸ்பேட் மிகுதியாக ஒட்டி, கால்சியம் கசிகிறது என்று 2000-ல் ஆண்ட்ரூ மார்க்ஸ் குழு முன்வைத்த கருத்து இன்றும் வழக்காகவே நிற்கிறது. வேறு பல ஆய்வகங்களால் அதை அப்படியே உறுதிசெய்ய முடியவில்லை. தைராய்டு வகைத் தசைமுடக்கத்தில் 2010-ல் கண்ட ஒரு பொட்டாசியக் கால்வாய் மரபணுப் பழுது சில நோயாளிகளிடம் இருக்கிறது, பலரிடம் இல்லை. ஒரே பழுதைச் சுமக்கும் குடும்பத்தில் ஒருவர் அடிக்கடி முடங்குவதும் இன்னொருவர் வாழ்நாள் முழுக்க நடமாடுவதும் ஏன் என்பதற்கு முழு விளக்கம் கிடைக்கவில்லை.

இவ்வழக்குகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. மில்லி நொடி அடுக்கு பெரும்பாலும் விளங்கிவிட்டது. அங்கே அளவிடும் கருவி துல்லியமானது, ஒரு கால்வாய், ஒரு மின்னோட்டம். சிக்கல்கள் எல்லாம் மெதுவான அடுக்குகளில் குவிகின்றன. துணைப்புரதங்களும் ஹார்மோன்களும் உணவும் மரபும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடம் அது. தட்டில் வளர்த்த ஒரு செல்லில் அதை அளந்துவிட முடியாது. நோயாளியைப் பல ஆண்டுகள் தொடர வேண்டும். வட்டார உணவு, உழைப்பு, தட்பவெப்பம், குடும்ப வரலாறு எல்லாம் பதிவாக வேண்டும். மேலைநாட்டுக் குடும்பங்களில் கண்ட மரபணுப் பட்டியலை வைத்து மட்டும் நம் நோயாளிகளைப் பிரித்துவிட முடியாது. பாம்பு நஞ்சில் வட்டார வேறுபாடு உண்டு என்று கண்டதைப்போல, தசை நோயிலும் நம் வட்டாரக் கணக்கை நாமே எடுக்க வேண்டியிருக்கிறது. கணித மாதிரி செய்யத் தெரிந்தவர்களும், நோயாளிகளை நாள்தோறும் பார்ப்பவர்களும் ஒரே சாலையில் இருக்கும் ஊரில் இது நடக்க முடியாத காரியம் இல்லை.

ஆய்வு முடியும்வரை மருத்துவமனை காத்திருக்க முடியாது, காத்திருக்கவும் தேவையில்லை. கை கால் வரவில்லை என்று வருபவரிடம் முதலில் பார்க்க வேண்டியது இமை. அது சரிந்திருந்து, விழுங்கச் சிரமமும் இருந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனை நினைக்க வேண்டும். மூச்சைக் காக்கும் ஏற்பாடு முதலில், விஷமுறிவு மருந்து உடனே. இமை நிமிர்ந்து, பேச்சும் மூச்சும் நன்றாக இருந்து, தொடையும் தோளும் மட்டும் தளர்ந்திருந்தால் பொட்டாசியத்தையும் இ.சி.ஜி.யையும் பார்த்த பிறகே எந்தப் பாட்டிலையும் ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் பொருந்தாவிட்டால் நரம்பு உறை நோய்களைத் தேட வேண்டும். ஒரே புகாருக்குள் இத்தனை அடுக்குகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளவே எழுபது ஆண்டு ஆய்வு தேவைப்பட்டது. அவற்றில் எந்த அடுக்கு என்று பிரித்தறிய, படுக்கையருகே முதல் ஐந்து நிமிடங்களில் வேண்டியது ஒரு டார்ச் விளக்கும் ஒரு இரத்தப் பரிசோதனையும் ஒரு இ.சி.ஜி.யும்தான்.